பாறையில் சிக்கிய ஆடு

சவுகோஸ்கியிலிருந்து வடக்கே
நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சாலை என்னுடையது.
அதிகாலை மூன்று மணிக்குப் பனி வாரும் வண்டியை எடுப்பேன்.
போகையில் ஒரு பாதி, வருகையில் மறுபாதி.
தள்ளி முடித்துத் திரும்பிப் பார்த்தால்
தள்ளாதது போலவே கிடக்கும்.
பதினாறு குளிர்காலமாக
ஒரு கிளைப்பாதையிலும் திரும்பியதில்லை.
திரும்புவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

வீட்டுக்கு வந்து பூட்ஸை ஹீட்டர் பக்கம் கவிழ்த்து,
காபியை ஊற்றிக்கொண்டு
கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறேன்.
அங்கே என் இடுப்புப் பையில் ஒரு கடிதம்.
"அரசரிடம் உடனே சேர்த்துவிடு,
நாளை விடிந்தால் கோட்டை விழுந்துவிடும்"
என்று உயிர் போகும் தறுவாயில் ஒரு வீரன் தந்தது.
பதினோரு வருடம் ஆகிறது.

கோட்டை விழவில்லை.
அரசர் இன்னும் சாளரத்தோரம் நிற்கிறாராம்.
நிற்கட்டும்.
புறப்பட்ட அன்றே வழியில் ஒரு காளான் கண்ணில் பட்டது.
காளானுக்கு அப்பால் ஓடை,
ஓடையைத் தாண்டினால் இடிந்த மணிக்கூண்டு,
அதில் ஏறி நின்றால்
கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு மலை.
அந்த மலை திரையில் தீட்டிய படமல்ல.
நடந்தால் வரும்.
கால் போன போக்கில் நடந்தாலும், என்றோ ஓரிரவு,
காலடியில் வந்து நிற்கும்.

இதைத்தான் பெந்த்திக்கு என்னால் சொல்லத் தெரியவில்லை.
பெந்த்தி அடுத்த சாலைக்காரன்.
"முடிவு வந்துவிட்டதா, ஐலா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்பான்.
அவன் தம்பி மகன் எதை வாங்கினாலும்
ஒரே வாரத்தில் முடித்து விற்றுவிடுகிறானாம்.
நான் சொல்வேன்:
தெற்கே ஒரு குகை, நேற்றுத்தான் முதல்முறை நுழைந்தேன்.
உள்ளே ஒரு மேசை, இரண்டு கிண்ணம்,
ஒன்றில் பாதி கடித்த பேரிக்காய்.
யாரோ ஒருவர் ஒரு முழு நாள் உட்கார்ந்து
அந்தப் பல்தடத்தைச் செய்திருக்கிறார், பெந்த்தி,
யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு, "முப்பதாவது கிலோமீட்டரில் வழுக்குகிறது, பார்த்து."

அந்த மலையடியில் ஓர் ஆடு இருந்தது.
பின்னுடம்பு பாறைக்குள்.
வெளியே முன்னங்கால்கள் மட்டும்
நடந்துகொண்டே இருக்கும்.
செய்தவர்களின் பிழை.
முதல் வருடம் சிரித்தேன்.
இரண்டாம் வருடம் வாளால் பாறையை வெட்டிப் பார்த்தேன்.
அப்புறம் எங்கே போவதானாலும்
அந்த வழியாகவே போவது என்று ஆகிவிட்டது.
போகும்போது ஒரு முட்டைக்கோஸ் போடுவேன்.
அது தின்னாது.

போன வியாழன் ஒரு அப்டேட் வந்தது.
எங்கள் ஊர் இணையத்தில் இரவு முழுக்க இறங்கியது.
"சில சிறு பிழைகள் திருத்தப்பட்டன."
காலையில் போய் நின்றால்
பாறை வெறும் பாறை.
எதிரே என் முட்டைக்கோஸ்கள், ஒரு குவியல்.

தேடினேன்.
ஓடை நெடுகத் தேடினேன்.
மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தேன்.
அரசரின் ஊர் மதில்வரை போய்விட்டேன்,
பதினோரு வருடத்தில் முதன்முறை.
வாயிற்காவலன் மறித்து, "கடிதம் ஏதும் உண்டா?" என்றான்.
ஆடு ஏதும் இப்பக்கம் வந்ததா என்று கேட்க
எனக்குத் தரப்பட்ட மூன்று விடைகளில் இடமில்லை.
திரும்பி நடந்தேன்.

மலைக்கு மேலே, புல்வெளியில், ஏழு ஆடுகள்.
எல்லாம் ஒரே அச்சு.
ஒன்று மட்டும் பின்னங்காலை
இப்போதுதான் கிடைத்ததுபோல் ஊன்றியது.
என் கற்பனையாகவும் இருக்கலாம்.
மணி இரண்டே முக்கால்.

இருபத்தேழாவது கிலோமீட்டரில் இடப்பக்கம் ஒரு பாதை பிரிகிறது.
இன்று வண்டியை நிறுத்தி,
மேல்விளக்கை அந்தப் பக்கம் திருப்பினேன்.
பைன் மரங்கள். அவற்றுக்குப் பின்னே பைன் மரங்கள்.
விளக்கு எட்டாத இடத்தில் ஏதோ
கொஞ்சம் உயர்ந்து தெரிந்தது.

பெந்த்திக்குச் சொல்லவில்லை.